அலுமாரியில் இருக்கும் கல்யாணக் கசட்



உங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் பழைய வீடியோ கசட் ஒன்று கிடக்கக்கூடும். உங்கள் கல்யாணமாக இருக்கலாம், தங்கையின் கல்யாணமாக இருக்கலாம். இன்று நம்மோடு இல்லாத வாப்பாவின் சிரிப்பும் உம்மம்மாவின் குரலும் அதற்குள்தான் இருக்கின்றன. பத்திரமாகத்தானே இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். பூட்டி வைத்த கசட்டும் பழுதாகும்.

அந்தக் கசட் எப்படித் தயாரானது என்று தெரிந்தால், எதைக் காப்பாற்ற வேண்டும் என்பது விளங்கும். மினி டிவி எனும் சிறிய டிஜிட்டல் கசட் 1995இல் வந்தது. அதில் எடுத்த படத்தை ஃபயர்வயர் எனும் வயர் மூலம் கணனிக்குள் ஏற்றி, வேண்டாததை வெட்டி, பெயர்களையும் சேர்ப்பார்கள். ஒரு மணி நேரப் படத்துக்குச் சுமார் 13 கிகாபைட் இடம் தேவை. அக்காலக் கணனிகளில் இடம் கொஞ்சம்தான். எனவே அடோப் பிரீமியர் போன்ற மென்பொருளிலிருந்து, முடிந்த படத்தைத் திரும்பவும் கசட்டிலேயே பதிவார்கள். கணனி படத்தை ஓட்டும், கமெரா பதிவு செய்யும். ஒரு மணி நேரப் படத்துக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இடையில் கணனி திணறினால் படம் விட்டு விட்டுப் பதிவாகும். பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இப்படிப் பதிந்ததே மூலக் கசட். வீட்டுக்குத் தந்தது பெரும்பாலும் அதிலிருந்து எடுத்த வீ.எச்.எஸ். பிரதி. சாச்சிக்கும் மாமிக்கும் கொடுத்தது அந்தப் பிரதியின் பிரதியாக இருக்கலாம். வீ.எச்.எஸ்.ஸில் பிரதி எடுக்க எடுக்க நிறம் மங்கும், முகம் கலங்கும். ஆகவே கையில் கிடைத்ததைக் கொண்டு ஓடாமல், குடும்பத்தில் முதல் பிரதி யாரிடம் உள்ளது, மூலக் கசட் எங்கே என்று முதலில் விசாரியுங்கள்.

பிறகு செய்ய வேண்டியவை:

1. கசட்டின் கண்ணாடி வழியே பாருங்கள். நாடாவில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது பூஞ்சணம். நம் நாட்டு ஈரக் காற்றில் இது சாதாரணம். அதை டெக்கில் போடாதீர்கள். டெக்கும் கெடும், அடுத்த கசட்டுக்கும் பரவும். விபரம் தெரிந்தவரிடம் சுத்தம் செய்யக் கொடுங்கள்.

2. வீ.எச்.எஸ். கசட்டின் முதுகுப் பக்கத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். அதன்பின் தவறுதலாக வேறெதுவும் மேலே பதிவாகாது.

3. டெக்கிலிருந்து கணனிக்கு ஏற்றச் சிறிய யூ.எஸ்.பி. கருவி போதும். மினி டிவிக்கு அதற்குரிய கமெராவும் ஃபயர்வயரும் வேண்டும்.

4. கடையில் கொடுப்பதானால் யோசித்துக் கொடுங்கள். பெண்கள் பக்கம் எடுத்த படமும் அதில் இருக்கும். நம்பிக்கையான பெண்ணிடம் கொடுப்பது நல்லது. முடியாவிட்டால் வீட்டார் ஒருவர் கூடவே இருந்து, கடைக் கணனியில் உள்ள பிரதியை அழிக்கச் செய்யட்டும்.

5. இரண்டு பிரதிகள் எடுத்து, இரண்டு வீடுகளில் வையுங்கள். பழைய கசட்டை எறிந்துவிடாதீர்கள்.

ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் வீ.எச்.எஸ். டெக் தயாரிப்பை நிறுத்தியது. இனிப் பழைய டெக்குகளைத் திருத்தித்தான் பாவிக்க வேண்டும், திருத்துபவர்களும் குறைந்து வருகிறார்கள். கசட் நன்றாக இருந்தும் அதை ஓட்ட ஒன்றுமில்லாத நாள் வருமுன், வருகிற விடுமுறையிலேயே அலுமாரியைத் திறந்து பாருங்கள் சகோதரிகளே. உங்கள் பேரப்பிள்ளைகளும் அந்தக் குரல்களைக் கேட்கட்டும்.