காய்ச்சல் கண்ட குதிரைக்கு ஓய்வு வேண்டும்: நாவலூர் வட்டாரக் குதிரைக்காரர்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் கால்நடை பராமரிப்பு மற்றும் மருத்துவப் பணிகள் துறைக்கும், செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியருக்கும் நாவலூர், தாழம்பூர், படூர், கேளம்பாக்கம், கோவளம் பகுதிகளில் குதிரை வைத்துப் பிழைப்பவர்களும் லாயங்களில் வேலை செய்பவர்களும் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை.

எங்கள் குதிரைகள் கடற்கரையில் சவாரி ஏற்றுகின்றன, கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமக்கின்றன, சவாரிப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கின்றன. ஒரே குதிரை ஒரே வாரத்தில் மூன்று இடங்களுக்குப் போய்வரும். போகுமிடத்தில் ஒரே தொட்டியில் நாலைந்து குதிரைகள் வாய் வைக்கும். ஸ்ட்ராங்கிள்ஸ் நோய் பரவ இது போதும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஈக்வை என்ற பாக்டீரியாவால் வரும் நோய் இது. மூக்கு, வாய் வழியே நுழைந்து தாடைக்கு அடியிலும் தொண்டைக்குப் பின்னாலும் உள்ள நிணநீர்க் கணுக்களில் தங்கும். 3 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல் வரும். குதிரை கொள்ளைத் தொடாது, தலையை நீட்டி வைத்துக்கொண்டு நிற்கும். மூக்கில் முதலில் நீராகவும் பிறகு கெட்டியான மஞ்சள் சீழாகவும் ஒழுகும். தாடைக்கடியில் கட்டி எழும்பி, பழுத்து உடையும். தொண்டைக்கட்டி பெருத்தால் மூச்சுக்குழாய் நெரிபட்டு உயிரே போகலாம். ஆனாலும் பெரும்பாலான குதிரைகள் பிழைத்துவிடும். 1251-லேயே ஜோர்டானஸ் ரூஃபஸ் என்ற இத்தாலியக் குதிரை மருத்துவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இத்தனை நூற்றாண்டுகளாகத் தெரிந்த நோய்க்கு எங்கள் லாயங்கள் இன்னும் இரையாக வேண்டியதில்லை.

இந்த நோயில் குதிரைக்காரருக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. காய்ச்சல் தொடங்கி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் மூக்கிலிருந்து கிருமி வெளியேறத் தொடங்கும். அந்த இடைவெளியில் குதிரையைத் தனியே கட்டிவிட்டால் மற்றவை தப்பிக்கும். எனவே எங்கள் முதல் கோரிக்கை மிகச் சிறியது: ஒவ்வொரு லாயத்துக்கும் ஒரு டிஜிட்டல் வெப்பமானி, அதைப் பயன்படுத்தப் பயிற்சி, தினமும் குறித்து வைக்க ஒரு நோட்டு. வளர்ந்த குதிரைக்கு 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. வெயிலில் ஓடிவந்த குதிரையின் உடல் எப்படியும் சுடும். ஆகவே விடியற்காலையில், சவாரிக்குக் கிளம்புமுன் பார்க்க வேண்டும், மாலையில் ஆறவிட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும். லாயப் பணியாளர்களுக்கு இதை நேரில் வந்து, குதிரையை வைத்தே காட்டிக்கொடுங்கள். துண்டறிக்கை மட்டும் போதாது.

காய்ச்சல் தெரிந்தபின் என்ன செய்வது என்பதில்தான் எங்கள் கஷ்டம் எல்லாம் இருக்கிறது. நாவலூரிலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வண்டி பிடித்துப் போய்வருவது ஒரு நாள் வேலை. தொற்றுள்ள குதிரையை அப்படி ஏற்றிச் செல்வதே நோயைப் பரப்பும். வண்டியின் மரச்சட்டம், கயிறு, வாளி எல்லாம் கிருமியைச் சுமக்கும். மருத்துவர் இங்கே வர வேண்டும், மாதிரி மட்டும் அங்கே போக வேண்டும். 1962 என்ற எண்ணில் அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியில் குதிரை மருத்துவம் பழகிய ஒருவர் இந்த வட்டாரத்துக்கு வாரம் ஒரு நாளாவது வர வேண்டும். மூக்குத் தொண்டை மாதிரியின் பிசிஆர் முடிவு 48 மணி நேரத்தில் கிடைக்க வேண்டும்.

இந்த அவசரத்துக்குக் காரணம் கிளாண்டர்ஸ். அதுவும் பாக்டீரியா நோய்தான். அதிலும் மூக்கில் சளி ஒழுகும், தாடைக்கடியில் கணு வீங்கும். மனிதருக்கும் தொற்றி உயிரைக் குடிக்கக்கூடியது. 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி அதை அறிவித்தே ஆக வேண்டும். உறுதியானால் குதிரையைக் கொல்வதுதான் வழி. இதைக் கேள்விப்பட்ட குதிரைக்காரர் மூக்கொழுகும் குதிரையை ஒளித்து வைக்கிறார். பரிசோதித்திருந்தால் ஸ்ட்ராங்கிள்ஸ் என்று தெரிந்து, சில வார ஓய்வில் தேறியிருக்கக்கூடிய குதிரை, இருட்டுக் கொட்டகையில் பக்கத்துக் குதிரைக்கும் நோயைக் கொடுக்கிறது. ஒளிப்பதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. பயம் போக வேண்டுமானால் எந்த நோய் என்று விரைவாகத் தெரிய வேண்டும். கிளாண்டர்ஸ் சந்தேக மாதிரிகளை ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பினால் அதன் நிலவரத்தை உரியவரின் கைபேசிக்குத் தெரிவிக்க வேண்டும். கிளாண்டர்ஸ் உறுதியானால் இழப்பீடு தாமதமின்றி வர வேண்டும், லாயத்தில் புழங்கிய அத்தனை பேருக்கும் அரசுச் செலவில் பரிசோதனை நடக்க வேண்டும்.

ஸ்ட்ராங்கிள்ஸில் குதிரை சாகாமல் தேறினாலும் குதிரைக்காரர் வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். கட்டி உடைந்து ஆறிய பிறகும் வாரக்கணக்கில் கிருமி வெளியேறும். அதுவரை சவாரி கூடாது, ஊர்வலம் கூடாது. தீவனச் செலவு மட்டும் நிற்காது. மருத்துவர் தனிமைப்படுத்தச் சொன்ன குதிரைக்கு, விடுவிக்கும் நாள்வரை, நாளொன்றுக்கு 500 ரூபாய் தீவனப்படி கேட்கிறோம். இந்தச் சாசனத்தில் எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்க மாட்டோம். பட்டினி கிடக்கும் வீட்டில் தனிமைப்படுத்தல் நடக்காது.

தேறிய குதிரைகளில் பத்தில் ஒன்று வரை தொண்டைக்கு மேலே உள்ள காற்றுப் பைகளில் கிருமியை மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் சுமந்து திரியும். பார்க்க முழு ஆரோக்கியமாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க உள்நோக்கிக் கருவியால் அந்தப் பைகளைக் கழுவிப் பரிசோதிக்க வேண்டும், அல்லது வாரம் ஒன்றாக மூன்று முறை மூக்குத் தொண்டை மாதிரி எடுக்க வேண்டும். இதை இலவசமாகச் செய்து விடுவிப்புச் சான்று தாருங்கள்.

ஊசி விஷயத்தில் எங்கள் ஆட்களும் திருந்த வேண்டும். கட்டி கிளம்பிய பின் மருந்துக் கடையில் பென்சிலின் வாங்கி அரைகுறையாகப் போட்டால் கட்டி பழுப்பது தள்ளிப்போகும். வெந்நீர் ஒத்தடம், ஊறவைத்த மென்மையான தீவனம், பழுத்ததும் மருத்துவர் கையால் கீறல்: இதுவே பெரும்பாலும் போதும். மூச்சுத் திணறும் குதிரைக்கு எப்போது பென்சிலின் என்பதை மருத்துவர் சொல்லட்டும். சீட்டில்லாமல் கடைகள் அதை விற்காதபடி பாருங்கள்.

இடம் பெரிய பிரச்சினை. ராஜீவ் காந்தி சாலை நெடுகக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. இரண்டு குதிரைக் கொட்டகை வைத்திருப்பவரிடம் மூன்றாவது குதிரையைத் தனியே கட்ட இடமில்லை. புறம்போக்கு நிலத்தில் தனித் தண்ணீர்க் குழாயோடு ஒரு பொதுத் தனிமைக் கொட்டகை வேண்டும். ஈரத்திலும் தொட்டித் தண்ணீரிலும் கிருமி வாரக்கணக்கில் பிழைக்கும் என்பதால், கோவளம் கடற்கரையிலும் பொதுத் தொட்டி வேண்டாம், குழாய் போதும். வாளியை நாங்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவருகிறோம்.

புதுக் குதிரைகள் பல அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையிலிருந்து வருகின்றன. சந்தையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு குதிரைக்கும் காய்ச்சல் பார்த்துச் சீட்டு கொடுக்க அங்கே ஒரு மருத்துவக் குழு நிற்க வேண்டும். வாங்கி வரும் குதிரையை மூன்று வாரம் தனியே கட்ட நாங்கள் உறுதி தருகிறோம். அதற்கு மேற்சொன்ன கொட்டகை வரும் ஆடிக்கு முன் எழும்ப வேண்டும். இது குறித்துப் பேச அதிகாரிகள் எந்த நாள் அழைத்தாலும் வருவோம். காலைச் சவாரி முடிந்து பத்து மணிக்கு மேல் என்றால் எல்லாரும் வர முடியும்.