லீச்சை இன்னும் எத்தனை தடவைதான் 'மேம்படுத்துவது'?

வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க்கில் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் எடுத்திருக்கீங்களா? அப்போ உங்க தலைப்பில் 'லீச்' இருக்க வாய்ப்பு அதிகம். எம்.ஐ.டி.யிலிருந்து ஹெய்ன்சல்மன், சந்திரகாசன், பாலகிருஷ்ணன் மூவரும் 2000-இல் வெளியிட்ட நெறிமுறை அது. (பாலகிருஷ்ணன் நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்.) பக்கத்துப் பக்கத்து நோடுகள் ஒரு கிளஸ்டராகச் சேரும். கிளஸ்டர் ஹெட் எல்லாருடைய டேட்டாவையும் வாங்கி, சுருக்கி, பேஸ் ஸ்டேஷனுக்கு ஒரே தடவையில் அனுப்பும். அந்த வேலை பேட்டரியைக் குடிக்கும் என்பதால் ஹெட் பதவி சுற்றிச் சுற்றி மாறும். அழகான யோசனை.

நாம அதை வச்சு என்ன பண்றோம்? மேட்லேப்பில் 100 புள்ளியைத் தூவி, ஹெட்டைத் தேர்ந்தெடுக்கிற ஃபார்முலாவில் மிச்சமுள்ள எனர்ஜியையும் சேர்த்து, முதல் நோடு சாகிற ரவுண்டு தள்ளிப்போச்சுன்னு ஒரு கிராஃப். வைவா முடிஞ்சது.

அந்தக் கோடில் இருக்கிற ரேடியோ மாடலைக் கொஞ்சம் பாருங்க. லீச் பேப்பரின் கணக்குப்படி 2000 பிட்டை 100 மீட்டர் அனுப்ப 2100 மைக்ரோஜூல். 20 மீட்டருக்கு 180தான். தூரம்தான் வில்லன், அதனால கிளஸ்டர் பிரிச்சா ஜெயிக்கத்தான் செய்யும். இப்போ டெலாஸ்-பி, மைக்கா-இசட் போர்டுகளில் இருந்த சிசி2420 சிப்பின் டேட்டாஷீட்டைத் திறங்க. முழு பவரில் அனுப்ப 17.4 மில்லியாம்பியர், கேட்க 18.8. கேட்கிறதுக்குத்தான் அதிகம்! யாருமே பேசலைன்னாலும், ரிசீவர் ஆன்ல இருந்தா அதே 18.8 போகும். 2000 மில்லியாம்பியர்-மணி பேட்டரி அஞ்சு நாள்கூட தாங்காது. தன் முறை வரும்வரை மெம்பர் நோடு ரேடியோவை அணைச்சு வைக்கலாம்னு லீச்சிலேயே இருக்கு. ஹெட்டுக்கு அந்த வசதி கிடையாது, அது கேட்டுக்கிட்டே இருக்கணும். நாம கை மாத்தி கை மாத்தி காப்பி பண்ற கோடில், சும்மா காத்திருக்கிற இந்தச் செலவுக்கு ஒரு வரியாவது இருக்கா?

டேட்டாவைச் சுருக்குற கதை இன்னும் மோசம். எத்தனை மெசேஜ் வந்தாலும் ஒண்ணாகிடும்னு எழுதிட்டுப் போயிடறோம். காட்டுத்தீயைக் கண்டுபிடிக்கணும்னு வைங்க. 19 நோடு 30 டிகிரி காட்டுது, ஒண்ணு மட்டும் 60. சராசரி 31.5. தீ காணாமப் போச்சு! மேக்ஸிமம் எடுத்தா தீ தெரியும், ஆனா கெட்டுப்போன ஒரே ஒரு சென்சார் தினமும் அலாரம் அடிக்கும். எதை அனுப்பறது, எதை விடறதுன்னு முடிவு பண்ற இந்த இடத்துலதான் உண்மையான ப்ராஜெக்ட் இருக்கு.

லேப்ல ரெண்டு ரேடியோ மாட்யூலும் ஒரு மல்டிமீட்டரும் கேட்டு வாங்குங்க. தூங்கும்போது, கேட்கும்போது, அனுப்பும்போது எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு அளந்து, அந்த மூணு எண்ணையும் உங்க சிமுலேஷனில் போடுங்க. கிராஃப் தலைகீழாப் போச்சுன்னா அதையே ரிப்போர்ட்ல எழுதுங்க. கைடு முறைச்சா டேட்டாஷீட்டைக் காட்டுங்க.