வீட்டுல காக்டெய்ல் கலக்கினா காசு மிச்சமா? மெஷர் இருந்தா மட்டும்தான்!

பப்புக்குப் போறதை நிறுத்து, வீட்டுலயே கலக்கிக் குடி, மிச்சமாகிற காசை எஸ்ஐபி-ல போடு, பத்து வருஷத்துல லட்சக்கணக்குல சேரும்... இந்த அட்வைஸ் இப்போ ரீல்ஸ் பூரா ஓடுது. அதுல பாதி உண்மை. மீதிப் பாதியைப் பத்திதான் இந்தப் பதிவு.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. குடிக்கிற பழக்கம் இல்லாதவங்க இதைப் படிச்சுட்டுத் தொடங்க வேண்டாம். உங்க பட்ஜெட் ஷீட்ல அந்த வரி பூஜ்யமாவே இருக்கட்டும். மதுவுல பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-லயே சொல்லிடுச்சு. தமிழ்நாட்டுல 21 வயசு ஆகாதவங்களுக்குச் சட்டமும் இடம் தரலை. ஏற்கெனவே வாராவாரம் பப்ல பில் கட்டிட்டு இருக்கிறவங்களுக்குத்தான் இந்தக் கணக்கு.

ஒரு ஃபுல் பாட்டில்ல 750 மில்லி இருக்கும். ஒரு லார்ஜ் 60 மில்லி. அப்போ ஒரு பாட்டில்ல பன்னிரண்டரை லார்ஜ். கணக்குக்காக பாட்டில் 1,000 ரூபாய்னு வச்சுக்குவோம் (உங்க பிராண்டுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கோங்க). ஒரு கிளாஸுக்கு விஸ்கி 80 ரூபாய். பழம், சர்க்கரை, ஐஸ் எல்லாம் சேர்த்து 45. ஆக மொத்தம் 125. அதே கிளாஸ் பப்ல 600 ரூபாய்னா, ஒவ்வொரு கிளாஸுக்கும் 475 ரூபாய் வித்தியாசம். வாரத்துக்கு ரெண்டு, மாசத்துக்கு எட்டு கிளாஸ்னா 3,800 ரூபாய். 12 சதவீதம் வளருதுன்னு நினைச்சு பத்து வருஷம் போட்டா 8.8 லட்சம். ரீல்ஸ்காரங்க கால்குலேட்டர்ல தப்பு இல்லை.

ஆனா அந்தக் கால்குலேட்டர் ஒண்ணை மறைமுகமா நம்பிட்டு இருக்கு: பப்ல எட்டு கிளாஸ் குடிச்சவர் வீட்டுலயும் எட்டே கிளாஸ்தான் குடிப்பார்னு. அப்படி நடக்கிறது ரொம்ப அபூர்வம்.

ஏன்னா பப்ல மூணாவது கிளாஸைத் தடுக்கிறது நம்ம மன உறுதி இல்லை, மெனு கார்டுல இருக்கிற விலை. வீட்டுல பாட்டிலுக்கு ஏற்கெனவே காசு கொடுத்தாச்சு. அடுத்த கிளாஸ் இலவசம் மாதிரித்தான் தோணும். அதோட கண் அளவுல ஊத்துற கை எப்பவும் தாராளமாத்தான் ஊத்தும். 60 நினைச்சு ஊத்தினது 90-ல போய் நிக்கும். வெள்ளி, சனின்னு இருந்தது நடுவுல ஒரு புதன்கிழமையையும் சேர்த்துக்கும். இப்போ திரும்பக் கணக்குப் போடுங்க. வாரத்துக்கு மூணு ராத்திரி, ஒவ்வொரு ராத்திரியும் 90 மில்லில மூணு கிளாஸ். மாசத்துக்கு 36 கிளாஸ், 3,240 மில்லி. விஸ்கிக்கு மட்டும் 4,320 ரூபாய், கூட ஜூஸ் 1,620, மொத்தம் 5,940. பப்ல எட்டு கிளாஸுக்கு நீங்க கொடுத்தது 4,800தான்! காசு மிச்சம் பண்ணக் கிளம்பி, மாசம் 1,140 ரூபாய் கூடுதலா செலவு. உடம்புக்குள்ள போன விஸ்கி 480 மில்லியில இருந்து ஏழு மடங்குக்குக் கிட்ட.

அதனால வீட்டு காக்டெய்லுக்கு வாங்க வேண்டிய முதல் பொருள் விஸ்கி இல்லைங்க. ஒரு பக்கம் 30, மறுபக்கம் 60 மில்லி அளக்குற ஸ்டீல் பெக் மெஷர். அது இல்லாம கலக்கறது, பட்ஜெட் போடாம கிரெடிட் கார்டு தேய்க்கிற மாதிரி.

சரி, கலக்குவோம். சாத்துக்குடி ஜூஸ் 90 மில்லி, எலுமிச்சைச் சாறு 15 மில்லி, சர்க்கரைப் பாகு ரெண்டு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, விஸ்கி 60 மில்லி. பாகுக்குப் பெரிய வித்தை எதுவும் இல்லை, சர்க்கரையும் தண்ணியும் சம அளவு எடுத்துச் சூடு பண்ணிக் கரைச்சு ஆறவச்சா போதும். எல்லாத்தையும் ஐஸோட இறுக்கமா மூடுற ஒரு ஜார்ல போட்டுப் பதினஞ்சு செகண்ட் நல்லா குலுக்குங்க, வடிகட்டி ஐஸ் நிரப்பின கிளாஸ்ல ஊத்துங்க. சாத்துக்குடில இனிப்பு அதிகம், புளிப்பு கம்மி, அதான் எலுமிச்சை. இதை விட்டுட்டா வெறும் மருந்து கலந்த ஜூஸ் மாதிரி இருக்கும். இன்னொண்ணு, சாத்துக்குடியை முன்கூட்டியே பிழிஞ்சு ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க. நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறும். டெட்ரா பேக் ஜூஸ் வாங்கறவங்க பின்பக்கம் இருக்கிற எழுத்தைப் படிங்க; செறிவூட்டின சாறுல தண்ணி சேர்த்துத் தயாரிச்ச ஜூஸுக்கு "100% பழச்சாறு"ன்னு போடக் கூடாதுன்னு 2024-ல எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவே போட்டிருக்கு.

ஜூஸ்ல கலக்கப் போறதுக்கு விலை உயர்ந்த சிங்கிள் மால்ட் தேவையே இல்லை. பல வருஷம் மரப்பீப்பாயில வச்சு வந்த அந்த மணத்துக்குத்தான் அவ்வளவு காசு, அதை எலுமிச்சை வச்சு அமுக்குறதுல என்ன லாபம்?

ஜூஸ் இன்னொரு வேலையும் பண்ணும், காரத்தை மறைக்கும். நம்ம ஊர் விஸ்கி லேபிள்ல பொதுவா 42.8 சதவீதம்னு போட்டிருக்கும். 60 மில்லில கிட்டத்தட்ட 26 மில்லி சுத்த ஆல்கஹால். ஐஸ் கரைஞ்ச பிறகு இந்தக் கிளாஸ் மொத்தமும் சுமார் 12 சதவீதம், அதாவது ஒயின் அளவு. நாக்குக்கு என்னவோ சாத்துக்குடி ஜூஸ் மாதிரித்தான் தெரியும். வேகமா காலியாகிறதுக்குக் காரணம் அதுதான்.

சைட் டிஷ்ஷும் கணக்குல வரணும். டெலிவரி ஆப்ல சிக்கன் 65, அப்புறம் ஒரு பிரியாணின்னு போட்டா நீங்க மிச்சம் பிடிச்சது டெலிவரி பார்ட்னர் பையோட வந்து உங்க வீட்டு வாசல்லயே முடிஞ்சிடும். வேர்க்கடலையை வேகவச்சு வெங்காயம், மாங்காய் நறுக்கிப் போடுங்க. அதுக்கு மேல என்ன வேணும்?

பப்பே வேண்டாம்னு நான் சொல்லலை. டீம்ல ஒருத்தர் வேலையை விட்டுப் போறார்னா போங்க. ஆனா பில்லை வாங்கிப் படிங்க. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வாட் மட்டும்தான். சர்வீஸ் சார்ஜ் உங்க விருப்பம். தானாச் சேர்க்கக் கூடாதுன்னு 2022-ல வந்த வழிகாட்டுதலை 2025-ல டெல்லி உயர் நீதிமன்றமும் உறுதி செஞ்சிருக்கு. அதைவிட எனக்கு உறுத்துறது அந்த "ஈக்குவல் ஸ்பிளிட்". ஒரு லைம் சோடா மட்டும் குடிச்ச ஜூனியர் பையன் நாலு லார்ஜ் அடிச்ச சீனியருக்குச் சமமா 1,800 ரூபாய் ஜிபே பண்றான், வாயைத் திறக்க முடியலை. 25,000 சம்பளத்துல அது எவ்வளவுன்னு யோசிங்க. வீட்டுல கூடினா இந்தச் சங்கடம் இல்லை. விஸ்கிக்குப் பதிலா சோடா ஊத்தினா அதே கிளாஸ் அவனுக்கும் ரெடி, நல்லாவே இருக்கும்.

வீட்டுக்கு வந்தவங்க திரும்பிப் போறது உங்க பொறுப்பு. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் ஆல்கஹால் தாண்டினா முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில், இல்லைன்னா ரெண்டும். குடிச்சுட்டு ஓட்டி இடிச்சா வண்டி இன்சூரன்ஸ் கிளெய்மும் போச்சு. கேப் போட்டு அனுப்புங்க, இல்லைன்னா ஹால்ல பாய் விரிங்க.

என்னைக் கேட்டா வழி இதுதான். சம்பளம் வந்த அன்னைக்கே அந்த 3,800-ஐ முதலீட்டுக்கு ஆட்டோ டெபிட்ல அனுப்பிடுங்க, குடிக்காம மிச்சமாகட்டும்னு காத்திருக்காதீங்க. மாசத்துக்கு ஒரே ஒரு பாட்டில், விருந்தாளிக்கும் சேர்த்து. 18-ஆம் தேதியே காலியாயிடுச்சா? அடுத்த சம்பளம் வரைக்கும் சாத்துக்குடி ஜூஸ் மட்டும்.

அளந்து ஊத்துறதுல இன்னொரு உபயோகம் இருக்கு. டெர்ம் இன்சூரன்ஸ் விண்ணப்பத்துல வாரத்துக்கு எவ்வளவு மது குடிப்பீங்கன்னு கேட்பாங்க. நிறைய பேர் "இல்லை"ன்னு டிக் பண்ணிட்டு வந்துடறாங்க. முதல் மூணு வருஷத்துக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா, மறைச்சதைக் காரணம் காட்டி கிளெய்மை மறுக்கச் சட்டத்துல இடம் இருக்கு. மெஷர் வச்சு ஊத்துறவருக்கு அந்தக் கட்டத்துல எழுத வேண்டிய எண் தெரியும். பிரீமியம் கொஞ்சம் கூடலாம், கூடட்டும். அந்தப் பணம் போய்ச் சேர வேண்டியது உங்க அம்மா கையிலயோ மனைவி கையிலயோதானே?