நெல்லிவாசல்நாட்டுக்கு ஒரு காம்ப்ளக்ஸ் வந்தால், மலை ரோட்டில் எத்தனை வண்டி ஏறும்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெல்லிவாசல்நாட்டில் காம்ப்ளக்ஸ் வரப்போகிறது என்று யாரும் அறிவிக்கவில்லை. 'வந்தால் என்ன ஆகும்' என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறோம், அவ்வளவுதான். தலைப்பை மட்டும் படித்துவிட்டு வாட்ஸ்அப்பில் தட்டிவிடாதீர்கள், ப்ளீஸ்!

திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலை. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மேலே மூன்று ஊராட்சிகள். மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள். சாமை மூட்டையை விற்கவும், கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கவும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவும் கீழே திருப்பத்தூருக்கு இறங்கியாக வேண்டும். அந்த ரோட்டில் ஒரு மணி நேரம் வண்டி நின்றுபோனால், சுற்றுலா வந்தவருக்கு செல்ஃபி எடுக்க நேரம் கிடைக்கும். 108 ஆம்புலன்ஸில் பிரசவ வலியோடு படுத்திருக்கும் பெண்ணுக்கு?

இந்த மலைமேல் கீழே பத்து கடை, நடுவில் ஹோட்டல், மாடியில் 30 ரூம் லாட்ஜ் என்று ஒருவர் பிளான் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு வண்டி வரும்?

போக்குவரத்து இன்ஜினீயர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பைக்கும் பஸ்ஸும் ரோட்டில் ஒரே அளவு இடம் பிடிப்பதில்லை. அதனால் எல்லா வண்டியையும் 'கார்' கணக்குக்கு மாற்றுவார்கள். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்ற அமைப்பு 1990-ல் கொடுத்த கணக்குப்படி, ஊர்ப்புற ரோட்டில் ஒரு கார் 1, பைக் 0.5, பஸ் அல்லது லாரி 3. மாட்டு வண்டி எவ்வளவு தெரியுமா? 8! அதாவது எட்டு காருக்குச் சமம். மெதுவாகப் போவதால் அவ்வளவு.

அதே கணக்கு ஒரு ரோடு எவ்வளவு தாங்கும் என்றும் சொல்கிறது. சமவெளியில் ஒற்றைத்தட ரோடு நாளொன்றுக்கு 2,000 கார் அளவு தாங்கும். வளைவுகள் அதிகமுள்ள மலையில் அதே ரோடு 1,400 தான் தாங்கும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும் அல்லவா?

இப்போது நம் காம்ப்ளக்ஸுக்கு வருவோம். சனிக்கிழமை 200 கார், 150 பைக், 10 டூரிஸ்ட் பஸ் வருவதாக ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். வருகிற வண்டி திரும்பியும் போக வேண்டும். அதனால் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்க வேண்டும். கார் 400. பைக் 300, அதில் பாதி 150. பஸ் 20, மூன்றால் பெருக்கினால் 60. ஆக மொத்தம் 610.

ஒற்றைத்தட மலை ரோடு தாங்கும் 1,400-ல் இது 40 சதவிகிதத்துக்கும் மேல். ஒரே ஒரு கட்டடத்துக்கு! ஏற்கெனவே ஓடும் பஸ், பால் வண்டி, ஊர்க்காரர்களின் பைக் எல்லாம் இதற்கு மேல்தான். அதிலும் இந்த 610 நாள் முழுக்கச் சீராகப் பரவாது. காலையில் எல்லோரும் ஏறுவார்கள். ஞாயிறு மாலை இருட்டுவதற்குள் எல்லோரும் இறங்குவார்கள்.

'கடை, ஹோட்டல், லாட்ஜ் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் வண்டி குறையும்' என்று பில்டர் தரப்பில் சொல்வதுண்டு. நகரத்தில் அது ஓரளவு உண்மை. மாடியில் தங்கியவர் கீழே இறங்கிச் சாப்பிட்டால் ரோட்டுக்கு வேலை இல்லை. மலையில் அந்த வாதம் பாதிதான் எடுபடும். பெங்களூரிலிருந்து காரில் வந்தவர் லாட்ஜிலேயே உட்கார்ந்திருக்கவா வந்தார்? பீமன் அருவி, காவலூர் வானாய்வகம் என்று கிளம்புவார். (காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இருட்டை நம்பித்தான் வேலை செய்கிறது. ராத்திரி ஹெட்லைட் வெளிச்சத்தை எந்த கார் கணக்கில் சேர்ப்பது?)

200 கார் என்று நான் போட்டது ஊகம். நிபுணர்கள் போடுவது மட்டும் துல்லியமா? அமெரிக்காவில் எந்தக் கடைக்கு எத்தனை வண்டி வரும் என்று சொல்ல ஒரு பெரிய கையேடே உண்டு. அதன் ஒரு பழைய பதிப்பில், காரில் இருந்தபடியே சாப்பாடு வாங்கும் கடைக்கு 1,000 சதுர அடிக்கு ஒரு நாளைக்கு 632.125 வண்டிப் பயணம் என்று போட்டிருந்தது. பார்த்தது வெறும் எட்டு கடைகளை. கடையின் அளவுக்கும் வண்டி எண்ணிக்கைக்கும் அங்கே சம்பந்தமே இல்லை என்று டொனால்டு ஷூப் என்ற பேராசிரியர் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். மூன்று தசம ஸ்தானம் போட்டால் உண்மையாகிவிடுமா என்ன?

அந்த மாதிரிக் கணக்கை நம் தி.நகருக்கு அப்படியே கொண்டுவந்தால் இன்னும் வேடிக்கை. ரங்கநாதன் தெருவுக்குக் கூட்டம் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே வருகிறது. கார் கணக்கில் அவர்களுக்கு இடமே இல்லை. அவர்களுக்காக ஆகாய நடைபாதை திறந்தது 2023-ல் தான்.

மலைக்கு நெருக்கமான பாடம் ஊட்டியில் இருக்கிறது. லாட்ஜும் கடையும் ஒவ்வொன்றாக ஏறின. ஒவ்வொரு கட்டடமும் தனியாகப் பார்த்தால் சின்னதுதான். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தபோது, சீசனில் நீலகிரிக்குள் நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் வருவதாகத் தெரியவந்தது. அந்த ஆண்டு மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் சீசனுக்கு உச்சவரம்பே போட்டார்கள். நீலகிரிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலை எவ்வளவு தாங்கும் என்று கண்டுபிடிக்க ஐ.ஐ.டி-யையும் ஐ.ஐ.எம்-மையும் கூப்பிட்டார்கள், கட்டடமெல்லாம் கட்டி முடித்த பிறகு. அந்த ஏப்ரலிலேயே நீலகிரி வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கூட்டத்தை நம்பிக் கடன் வாங்கியவர்கள் அவர்கள்.

ஜவ்வாது மலை இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை. எண்ணுவதற்கு இது நல்ல நேரம். பெரிய செலவும் இல்லை. அடிவாரத்தில் இரண்டு காலேஜ் பசங்க, ஒரு நோட்டு, ஒரு பேனா. கார், பைக், பஸ், ஆம்புலன்ஸ் என்று தனித்தனிக் கட்டம். ஏறுவது ஒரு பக்கம், இறங்குவது ஒரு பக்கம். காலை ஆறு முதல் இரவு எட்டு வரை, ஒரு வாரம். செவ்வாய்க்கிழமை மட்டும் எண்ணிவிட்டு 'ரோடு காலியாத்தான் இருக்கு' என்று எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு என்பதால், சனி, ஞாயிறு கட்டாயம். தொடர் விடுமுறையில் ஒரு வாரம் எண்ணினால் இன்னும் நல்லது. கூடவே, ஒரு வண்டியில் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் வந்த காருக்கும், அறுபது பேரை ஏற்றி வந்த அரசு பஸ்ஸுக்கும் இடம் கொடுக்கும்போது அது தேவைப்படும்.

கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. நோட்டை அங்கே வைக்கலாம்.