வயலில் இறங்கியும் அளக்க வேண்டும்

மண்ணும் பயிரும் இயல்பாகவே மெல்லிய நுண்ணலைகளை உமிழ்கின்றன. மண் நனைந்தால் அதன் உமிழ்வு குறையும். 2015இல் நாசா ஏவிய ஸ்மாப் செயற்கைக்கோள் இதைக் கொண்டே மண்ணின் ஈரத்தைக் கணிக்கிறது. ஆனால் இடையில் நிற்கும் பயிர், தன்னுள் இருக்கும் நீரால் மண்ணின் அலைகளை மங்கச் செய்வதோடு தானும் உமிழ்கிறது. அதன் பங்கைப் பிரித்தறியாவிட்டால் கணிப்பு பிழையாகிவிடும். அதனால்தான் ஸ்மாப்பை ஏவுவதற்கு முன்பே, 2012 கோடையில் கனடாவின் மானிடோபா வயல்களில் விமானத்திலிருந்து உமிழ்வையும், தரையில் பயிரின் நீரளவையும் ஆய்வாளர்கள் ஒருசேர அளந்தார்கள்.

ஏறத்தாழ 40 கிலோமீட்டர் அகலப் பரப்பை ஒரே புள்ளியாகப் பார்க்கும் ஸ்மாப்பின் கருவியால் சிறு விவசாயிக்கு என்ன பயன் என்று கேட்பது நியாயமே. தனி வயலுக்கு அது வழிகாட்டாது. ஆனால் வட்டாரம் தழுவிய வறட்சியைக் கண்காணிக்க உதவும். அதற்கும் கணிப்பு சரியாக இருக்க வேண்டும் என்பதால், செயற்கைக்கோளுக்குச் செலவிடும் அரசுகள் வயல்வெளி அளவீட்டுக்கும் நிதி ஒதுக்க வேண்டும்.