சிப்பாய்க்கு எது மரியாதை?

கிராமத்தில் ஒரு பழைய பட்டாளத்துக்காரர் கண்ணை மூடினால் என்ன நடக்கிறது என்பதை நம் வாசகர்கள் பார்த்திருக்கிறார்கள். டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்த மெடல்களைத் தேடி எடுத்துச் சட்டையில் குத்துகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் மாலையோடு வருகிறார்கள். பெரிய பதவியில் இருந்தவரானால் சர்க்காரே வருகிறது. சவப்பெட்டியின் மேல் தேசியக் கொடி போர்த்தப்படுகிறது. துப்பாக்கிகள் தலைகீழாகத் தாழ்த்தப்படுகின்றன. பியூகிள் ஒலிக்கிறது, ஆகாயத்தை நோக்கி வேட்டுகள் முழங்குகின்றன. பிறகு கொடியை மடித்துக் குடும்பத்தார் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மறுநாள் அந்த வீட்டு அடுப்பு எரிகிறதா என்று கேட்க எவரும் வருவதில்லை.

அந்த மரியாதையை நாம் இகழவில்லை. பட்டாளத்தில் சேருகிறவன் யார்? மில் முதலாளியின் மகனா? மிராசுதாரரின் மகனா? அரைக்காணி நிலம் உள்ள குடியானவன் வீட்டுப் பிள்ளையும், கூலிக்காரன் வீட்டுப் பிள்ளையும்தான் பெரும்பாலும் போகிறார்கள். அவர்களுக்கு ஊரார் செய்யும் மரியாதை நமக்கும் மரியாதையே. ஆனால் வேட்டுச் சத்தம் ஓய்ந்த பிறகு நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தச் சிப்பாய் யாருக்காகத் துப்பாக்கி தூக்கினார்? துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகு யார் பக்கம் நின்றார்? அவரோடு நின்றவர்களுக்கு நாடு என்ன செய்தது?

இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரு வாழ்க்கை பதில் சொல்கிறது. அது காப்டன் லட்சுமியின் வாழ்க்கை.

2012 ஜூலை 23-ம் தேதி, கான்பூர் நகரத்தில், 97 வயதில் காப்டன் லட்சுமி சேகல் காலமானார். அவருக்குச் சிதை மூட்டப்படவில்லை. அவர் விருப்பப்படியே உடல் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்கு ஒப்படைக்கப்பட்டது. 1931-ல் அந்நகரில் நடந்த மதக் கலவரத்தைத் தடுக்கப் போய் உயிரைக் கொடுத்த கணேஷ் சங்கர் வித்யார்த்தியின் பெயர் தாங்கிய கல்லூரி அது. வாழ்நாள் முழுவதும் ஏழைகளுக்கு வைத்தியம் செய்தவர், செத்த பிறகும் வைத்தியம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடமாகக் கிடந்தார்!

அவர் நம் சென்னையில் 1914 அக்டோபர் 24-ம் தேதி பிறந்தவர். தந்தை சுவாமிநாதன் ஹைகோர்ட்டில் பெயர் பெற்ற வக்கீல். தாய் அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபை உறுப்பினராக இருந்தவர். லட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1938-ல் டாக்டரானார். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். பணக்காரர் வீடுகளில் நாடி பார்த்துச் சுகமாக வாழ்ந்திருக்கலாம். 1940-ல் சிங்கப்பூர் சென்ற அவர், அங்கே பிழைக்க வந்த இந்தியத் தொழிலாளிகளுக்கு வைத்தியம் செய்யும் சிகிச்சைச் சாலையைத் திறந்தார்.

மலாயா என்றால் நம் தஞ்சை, திருச்சி, சேலம் ஜில்லாக்களின் பழைய குடும்பங்களுக்கு அது என்னவென்று தெரியும். கங்காணி சொன்ன ஆசை வார்த்தையை நம்பிக் கப்பலேறியவர்கள் ஏராளம். அங்கே ரப்பர் தோட்டத்துத் துரை வைத்ததே சட்டம். 1941-ல் கிளாங் வட்டாரத் தோட்டத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டதைப் பாருங்கள்: சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கொடு, கள்ளுக்கடையை மூடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி! இதற்குப் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் கொடுத்த பதில் துப்பாக்கிக் குண்டு. சைக்கிளில் உட்கார்ந்தபடி போகும் உரிமைக்காகத் தமிழன் உயிர் விட்டான்.

அடுத்த ஆண்டு பிப்ரவரி 15-ல் அதே துரைமார் சிங்கப்பூரை ஜப்பானியரிடம் ஒப்படைத்துச் சரணடைந்தார்கள். 1943-ல் சுபாஷ் சந்திர போஸ் அங்கு வந்து, பெண்களும் ஆயுதம் தாங்க வேண்டும் என்றார். ஜான்சி ராணிப் படை உருவாயிற்று. லட்சுமி அதன் தலைமையை ஏற்றார். அக்டோபர் 22-ல் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சுதந்திர இந்திய அரசாங்கத்தின் மந்திரி சபையிலும் அவர் இடம் பெற்றார்.

அந்தப் படையில் சேர்ந்த பெண்கள் யார்? வக்கீல் வீட்டுப் பெண்கள், வியாபாரி வீட்டுப் பெண்கள் சிலர் உண்டு. பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள் அவர்களில் பலர். நேற்று வரை விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய கை, இன்று துப்பாக்கி பிடித்தது. துரையின் முன் தலை நிமிரக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள், நெஞ்சை நிமிர்த்தி அணிவகுத்து நடந்தாள். முதல் கேள்விக்குப் பதில் இதுதான். அந்தப் பெண்கள் சம்பளத்துக்காகத் துப்பாக்கி தூக்கவில்லை. அடிமைத்தனம் ஒழிய வேண்டும் என்று தூக்கினார்கள்.

இங்கே நாம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜப்பானிய பாசிஸத்தின் துணையோடு விடுதலை வரும் என்பதை அந்நாளில் கம்யூனிஸ்டுகள் ஏற்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அதே ஜப்பானிய ராணுவம் அதே தோட்டத் தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதை போட ஓட்டிச் சென்று ஆயிரமாயிரமாகச் சாகடித்தது. ஆனால் நேதாஜியின் மீது அன்று வீசப்பட்ட கடுஞ்சொற்கள் தவறு என்பதைக் கம்யூனிஸ்ட் தலைவர்களே பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள். பாதையில் வேற்றுமை இருக்கலாம். அந்தச் சிப்பாய்களின் தேசபக்தியில் மாசு இல்லை.

1945-ல் பர்மாவில் பிரிட்டிஷார் லட்சுமியைப் பிடித்தார்கள். 1946 மார்ச்சில்தான் அவர் இந்தியா வந்து சேர்ந்தார். அதற்குள் செங்கோட்டை விசாரணை நாட்டையே உலுக்கியிருந்தது. ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், தில்லான் என்று ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர் ஒரே கூண்டில் நின்றார்கள். 1946 பிப்ரவரியில் பம்பாயில் கடற்படைச் சிப்பாய்கள் எழுந்தபோது, பம்பாய் மில் தொழிலாளிகள் இயந்திரங்களை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கி நெஞ்சில் குண்டேந்தினார்கள். சிப்பாயும் தொழிலாளியும் ஒரே வர்க்கத்தின் பிள்ளைகள் என்பதை அந்த நாட்கள் காட்டின.

1947-ல் லட்சுமி பிரேம் சேகலை மணந்து கான்பூரில் குடியேறினார். மில்கள் நிறைந்த நகரம் கான்பூர். 1925 டிசம்பரில் நம் சிங்காரவேலர் தலைமை வகித்து நடத்திய கம்யூனிஸ்ட் மகாநாடு கூடியதும் அங்கேதான். அந்நகரத்தில் அவர் தேசப் பிரிவினையால் வீடிழந்து வந்த அகதிகளுக்கு மருந்து கொடுத்தார். ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தார். 1971-ல் கிழக்கு வங்காளத்து அகதிகள் வெள்ளமாக வந்தபோது எல்லையோர முகாமுக்குச் சென்று உழைத்தார். அந்த ஆண்டுகளில்தான் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1981-ல் ஜனநாயக மாதர் சங்கம் உருவானபோது அதைக் கட்டியவர்களில் ஒருவரானார். 1984-ல் இந்திரா காந்தி கொலைக்குப் பின் சீக்கியரை வேட்டையாட வெறிக் கும்பல் கிளம்பியபோது, எழுபது வயதில் தெருவிலே நின்று தடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில் போபாலில் விஷவாயு மக்களைக் கொன்றபோது வைத்தியக் குழுவோடு ஓடினார். 2002-ல் இடதுசாரிகளின் வேட்பாளராக ஜனாதிபதி தேர்தலில் நின்றார். தோல்வி நிச்சயம் என்று தெரிந்தே நின்றார். தொண்ணூறு வயதைத் தாண்டியும் நோயாளிகளைப் பார்த்து வந்தார். துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகு யார் பக்கம் நின்றார் என்ற இரண்டாவது கேள்விக்கு இதைவிடப் பதில் வேண்டுமா?

மூன்றாவது கேள்விதான் தலைகுனிய வைக்கிறது. வெள்ளைக்காரனுக்குச் சேவகம் செய்த அதிகாரிகள் சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் பதவி உயர்வோடு நீடித்தார்கள். வெள்ளைக்காரனை எதிர்த்த இந்திய தேசிய ராணுவச் சிப்பாய்களுக்கு அந்த ராணுவத்தில் இடம் மறுக்கப்பட்டது. சுதந்திரப் போராட்டத் தியாகிகளுக்கு ஓய்வூதியத் திட்டம் வரவே 1972 வரை, 25 ஆண்டுகள் ஆயின. அதைப் பெறுவதற்கும் சர்டிபிகேட் கேட்டார்கள்! பர்மாக் காட்டில் பின்வாங்கியவர் எந்தத் தாசில்தாரிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்? காப்டன் லட்சுமிக்கு 1998-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. அவருடன் அணிவகுத்த தோட்டப் பெண்கள் மறுபடி ரப்பர் மரத்தடிக்கே போனார்கள். அவர்கள் செத்தபோது வேட்டு முழங்கவில்லை, பெயரும் பதியப்படவில்லை.

இன்றைய கதை வேறா? 2022-ல் மத்திய சர்க்கார் அக்னிபாத் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தது. நாலு வருஷம் சிப்பாய் வேலை. பிறகு நூற்றுக்கு 25 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று அறிவித்தது. மீதிப் பேர் கையில் ஒரு தொகையோடு, ஓய்வூதியமில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும். மில் தொழிலாளிக்கு இது புரியாதா? பதிலியாகவும் கான்டிராக்டாகவும் ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கேட்டுக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் அல்லவா நாம்! மில்லில் நடந்தது பட்டாளத்துக்கும் வந்தது. சவப்பெட்டிக்குக் கொடி போர்த்துகிறவர்கள், உயிரோடு இருக்கிறவனின் ஓய்வூதியத்தில் கை வைத்தார்கள்.

ஆகவே தோழர்களே, சிப்பாய்க்கு மரியாதை சுடுகாட்டில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடக் கூடாது. உங்கள் ஊரில் பழைய பட்டாளத்துக்காரர் இறந்தால் சங்கத்தின் சார்பில் போங்கள், பாடையைத் தூக்குங்கள். காரியம் முடிந்த பிறகு மறுபடியும் போங்கள். விதவைக்கு ஓய்வூதியம் வருகிறதா என்று கேளுங்கள். வரவில்லையானால் மனு எழுதிக் கொடுத்து, தாலுகா ஆபீசுக்குக் கூடவே நடங்கள். மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் திரும்பி வந்த குடும்பங்களில் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருந்தால், அவர்கள் சொல்வதைப் பெயரோடும் ஊரோடும் எழுதி வையுங்கள். சர்க்கார் பதியாத பெயர்களைப் பாட்டாளிகள் பதிந்து வைப்போம்.

காப்டன் லட்சுமிக்கும், அவரோடு அணிவகுத்த பெயர் தெரியாத தோட்டப் பெண்களுக்கும் செங்கொடி தாழ்த்தி வீரவணக்கம் செலுத்துகிறோம். தாழ்த்திய கொடியை மறுபடி உயர்த்திப் பிடிப்பதே அந்த வணக்கத்தின் பொருள்.