ஸ்பானர் யார் கையில்?



போன மாதச் சுவர் இதழில் பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவர், இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைக் குடும்பமாகச் சேர்ந்து புதுப்பிக்கிறார்கள் என்பதைச் சொல்லி, "இது வேலையற்ற பணக்காரர்களின் விளையாட்டு, அந்தக் காசுக்குப் புதுக் காரே வாங்கலாம்" என்று முடித்திருந்தார். அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் எழுதியதைப் படித்ததும் ஆர்வம் வந்து அறிவியல் ஆசிரியையிடம் கேட்டேன். அவர் கணினியில் தேடி எம்.ஜி.பி. என்ற காரைக் காட்டினார். (எம்.ஜி. என்றதும் எம்.ஜி.ஆர். கார் என்று நினைக்க வேண்டாம். நான் நினைத்தேன். மாரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கமாம்.) 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் என்ற ஊரில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். முதலில் வந்தது கூரை இல்லாதது, இரண்டு பேர்தான் உட்காரலாம். 1965-இல் கூரை வைத்த ஜி.டி. என்ற வகை வந்தது. அதில் பின்னால் ஒரு குட்டி சீட். பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மூக்கில் இடிக்கும், குழந்தைகளுக்குச் சரியாக இருக்கும். குடும்பமாகப் போக நினைப்பவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

அந்தக் காருக்குப் பெரிய எதிரி துரு. நாம் படித்த அதே துருதான். இரும்பும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் போதும். அங்கே குளிர்காலத்தில் ரோட்டில் பனிக்கட்டி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். உப்புத் தண்ணீர் காரின் அடிவயிற்றில் தெறித்து உள்ளேயே தங்கிவிடுகிறது. கதவுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை, பெட்டி மாதிரி ஒரு இரும்புப் பகுதி ஓடுகிறது. அது உள்ளிருந்தே அரித்துவிடும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், விரலால் குத்தினால் பொத்தல் விழும். சிலர் பொத்தலில் பட்டி வைத்துத் தேய்த்து, பெயிண்ட் அடித்து விற்றுவிடுகிறார்களாம். கூரை இல்லாத காருக்கு அந்தப் பெட்டிதான் முதுகெலும்பு மாதிரி. சரியாகச் செய்பவர்கள் அதை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு பற்றவைப்பார்கள். வெட்டுவதற்கு முன்னால் கதவு இருந்த இடத்தில் குறுக்கே ஒரு கம்பியைப் பற்றவைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். மறந்தால் வண்டி நடுவில் தொய்ந்து, அப்புறம் எந்தக் கதவும் மூடாது. 1988-இல் பழைய அச்சுகளைத் தேடி எடுத்து எம்.ஜி.பி.யின் முழு உடம்பையே புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள். உற்பத்தி நின்று எட்டு வருஷம் கழித்து! நம் வீட்டு மிக்சிக்கு ஜார் கிடைக்காமல் அலைந்தது எனக்கு நினைவு வந்தது.

இப்போது அண்ணன் சொன்ன பாதி. செலவு அதிகம்தான். செய்து முடித்த காரை விற்றால் போட்ட பணம் பெரும்பாலும் திரும்பி வராது. பழைய என்ஜின் புகையும் விடும். அதை மறுத்துப் பேச மாட்டேன். பல வீடுகளில் அப்பா மட்டும் ஷெட்டில் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் அதிலேயே போய்விடும். வேலை பாதியில் நின்று, கார் தார்ப்பாய்க்குள் வருஷக்கணக்கில் கிடக்கும். அது விளையாட்டுதான், அதுவும் ஒருத்தர் விளையாட்டு. அதற்கு நானும் அண்ணன் கட்சி.

ஆனால் குடும்பமாகச் செய்வது வேறு. பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பாய்மங்கள் பாடத்தில் பாஸ்கல் விதி படித்தோமே, அதன்படிதான் வேலை செய்கிறது. பிரேக் ஆயில் குழாயில் காற்றுப் புகுந்துவிட்டால் காற்று அமுங்கும், பிரேக் பிடிக்காது. அந்தக் காற்றை எடுக்கச் சாதாரணமாக இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்கணும். இன்னொருத்தர் சக்கரத்தடியில் குனிந்து சின்ன நிப்பிளைத் திறப்பார். குமிழியோடு ஆயில் வரும். அவர் மூடின பிறகுதான் காலை எடுக்கணும். ஒரு நொடி முந்தினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்கணும். "அமுக்கு, பிடி, விடு." காரைப் பிரித்துப் போட்டிருக்கும் வீடுகளில் பெடல் வேலை பெரும்பாலும் பிள்ளைகளுக்குத்தான். கீழே படுத்திருக்கும் அப்பா மேலே இருக்கும் பிள்ளையின் காலை நம்ப வேண்டியிருக்கிறது. அண்ணன் சொல்லும் புதுக் காரில் இது எங்கே கிடைக்கும்?

இன்னொன்று. 2018 மே மாதத்திலிருந்து அங்கே 40 வருஷத்துக்கு மேற்பட்ட, பெரிதாக மாற்றாத கார்களுக்கு வருடாந்திரப் பரிசோதனை கட்டாயம் இல்லை. சலுகை மாதிரி தெரிகிறது. யோசித்தால் பயமாக இருக்கிறது. பிரேக் பிடிக்குமா என்று பார்க்க வேண்டியது இனி அந்த வீட்டார்தான். நான் என்றால் பெடலை அமுக்கிய பிள்ளையையும் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.

நம் வகுப்பில் ஒரு தோழி, "பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்குடி?" என்றாள். அவளுக்காக பியாட்ரிஸ் ஷில்லிங் பற்றிச் சொல்கிறேன். 1909-இல் பிறந்தவர். 14 வயதில் ஒரு ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கழற்றி மாட்டப் பழகினார். என் வயது! (அதே பெயர்தான், பிற்பாடு 1955-இலிருந்து சென்னையில் புல்லட் செய்கிறார்கள்.) மான்செஸ்டரில் என்ஜினீயரிங் படித்தார். 1934-இல் ப்ரூக்லேண்ட்ஸ் பந்தயப் பாதையில் மணிக்கு 100 மைலுக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டிக் காட்டினார். போர் நடந்தபோது ஸ்பிட்ஃபயர் விமானங்கள் மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் தாறுமாறாகி என்ஜின் திணறியது. 1941-இல் இவர் கண்டுபிடித்தது நடுவில் ஓட்டை போட்ட ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. அவ்வளவுதான். திணறல் அடங்கிவிட்டது. போர் முடிந்த பிறகு இவரும் கணவரும் வீட்டுப் பட்டறையிலேயே கார்களைப் பிரித்து மாற்றியமைத்துப் பந்தயத்தில் ஓட்டினார்கள். லகோண்டா ரேப்பியர், ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் எல்லாம் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள். கணவர் ஸ்பானர் பிடிக்க, இவர் டீ எடுத்துக்கொண்டு நிற்கவில்லை.

டீ பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் இருப்பது டி.வி.எஸ். எக்ஸ்.எல். மழை நாளில் கிளம்பாது. அப்பா பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்பார். கூப்பிடுவது தம்பியை. அவன் ஆறாவது. பத்து ஸ்பானர் எது, பன்னிரண்டு எது என்று அவனுக்குப் பார்த்தாலே தெரியும். அறிவியலில் தொண்ணூறு வாங்குகிற எனக்குத் தெரியாது. "பொம்பளப்புள்ள கையில கிரீசு எதுக்கும்மா, போய் டீ போடு" என்பார். பாசமாகத்தான் சொல்கிறார். பாசமாகச் சொல்வதால்தான் எனக்குப் பதில் வருவதில்லை. எம்.ஜி.பி.யில் நாலு பிளக், எக்ஸ்.எல்.லில் ஒன்று. வேலை ஒன்றுதானே?

இந்தக் கட்டுரையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஞாயித்துக்கெழம வண்டி கழுவுறேன், பிளக்க நீ கழட்டு பாப்போம்" என்றார். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அப்ப டீ யாரு போடுறது?" என்று கேட்டான். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி